யாருக்குச் சம்பந்தமோ அவருக்கு

சனிக்கிழமை, சாட்ஸ்வொர்த்தில்,
பைகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
"மாமா, எனக்கு ஒரு கடிதம் வேண்டும்" என்றார்.

மாமா என்றால் அவர் ஊரில் அம்மா.
என் வாயில் அது அம்மாவின் தம்பி.
மூன்று வருடமாக நான் திருத்தவில்லை.
யாரோ ஒருவருக்குத் தாய்மாமனாக இருப்பது
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பைன்டவுனில் ஒரு கம்பெனியாம்.
உள்ளூர்க்காரர் ஒருவர், நிலையான முகவரி உள்ளவர்,
இவரைத் தெரியும் என்று
கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.
"உங்கள் பெயர் என்ன?"
அப்போதுதான் கேட்டேன்.
பச்சை மேலங்கியில் பதினான்கு என்று போட்டிருக்கும்.
அதுவரை எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இலுங்கா. ஃபிஸ்டன் இலுங்கா.

இரவு மின்வெட்டு முடிந்து விளக்கு வந்ததும்
கணினி முன் உட்கார்ந்தேன்.
'இவரை மூன்று வருடங்களாக அறிவேன்.'
துணிக்கடையில் முப்பது வருடம் பேரேடு எழுதிய புத்தி
சும்மா இருக்குமா?
வாரம் ஒரு முறை, இரண்டு நிமிடம்,
மழையென்றால் ஒன்று.
மொத்தம் ஐந்து மணி நேரம்கூட முழுசாகத் தேறவில்லை.
ஜோகன்னஸ்பர்க் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை
இதைவிட அதிகம் தெரிந்துகொண்டு இறங்கலாம்.

'கடின உழைப்பாளி.'
அவர் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.
'நேரம் தவறாதவர்.'
நான் போகும்போதெல்லாம் இருந்தார். போகாத நாளில்?
'நாணயமானவர்.'
இதைத் தமிழில் நினைத்துச் சிரித்துவிட்டேன்.
என் கையிலிருந்து அவர் கைக்குப் போனதெல்லாம்
நாணயம்தானே, ஐந்து ராண்ட், சில்லறை இல்லாவிட்டால் இரண்டு.
ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பக்கம்தான்.
அழித்தேன்.

அவர் கொடுத்த நகலை நாலாய் மடித்து வைத்திருந்தேன்.
பிரித்தால்:
லுபும்பாஷியில் நில அளவை படித்தவர்.
ஆறு வருடம் சுரங்கத்தில் வேலை.
அட, அந்தக் கை!
இரண்டு கார்களுக்கு நடுவே
என்னைப் பின்னுக்கு வரவைக்கும்போது
ஒரு விரற்கடைகூடப் பிசகாத கை.
நான் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

வேறென்ன தெரியும்?

வீட்டுக்காரர் படுத்த படுக்கையாய்க் கிடந்த பதினோரு மாதமும்
பெரியவர்களுக்கான டயாப்பர் பொதியை
வாராவாரம் வாங்கினேன்.
தள்ளுவண்டியிலிருந்து அதைத்தான் முதலில் எடுப்பார்,
படம் போட்ட பக்கம் கீழே இருக்கும்படி வைப்பார்,
மேலே கீரையையும் ரொட்டியையும் பரப்புவார்.
ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை
பொதி இல்லை.
வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
அதைக் கை காட்டி நிறுத்தி வைத்தார்,
நான் சாவியைத் துவாரத்தில் பொருத்தும்வரை.
அன்று வெகுநேரம் ஆயிற்று.

அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?
'வாடிக்கையாளர் சேவை' என்று தட்டி,
வெட்கப்பட்டு, அதையும் அழித்து,
கடைசியில் நான்கு வரி.
அளவு தெரிந்தவர் என்பது அதில் ஒன்று.
கீழே கோகிலாம்பாள் படையாச்சி,
தொலைபேசி எண், வீட்டு எண்.

அடுத்த வாரம் கார் மூடிமேல் தாளை விரித்து
நின்றபடியே படித்தார்.
தன் பெயரில் ஓர் எழுத்தைச் சுட்டினார்,
தப்பு என்று சொல்லாமல்
இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் என்று சொல்வதுபோல.
பேனாவால் திருத்தினேன், பக்கத்தில் சின்னக் கையொப்பம்.
"இன்னும் ஏதாவது சேர்க்கட்டுமா?"

உள்ளங்கையை உயர்த்தினார்.
தூணில் இடிப்பதற்கு முன்
என்னை வழக்கமாக நிறுத்தும் அதே கை.

என் மற்றொரு கையில் ஐந்து ராண்ட்
வேர்த்துக்கொண்டிருந்தது,
இன்றைக்கு இதைக் கொடுக்கலாமா கூடாதா என்று.
அவரே வாங்கிக்கொண்டார், எப்போதும்போல.